பொட்டு விழாத வெள்ளை

எங்கள் அப்பாவிடம் அவருடைய கொள்ளுத்தாத்தா பெயரைக் கேட்டால் மோட்டுவளையைப் பார்ப்பார். நாயின் கொள்ளுத்தாத்தாவைப் பற்றிக் கேட்டால் போதும். மூக்கின் நிறம், வாலின் வளைவு, எந்தக் காட்டில் எவ்வளவு பெரிய பன்றியை மடக்கியது என்பது வரை மூச்சு விடாமல் சொல்வார். கள்ளக்குறிச்சியில் அவருக்கு ஒரு மண்டி இருந்தது. கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் கடுக்காயும் புளியும் அங்கே வந்து குவியும். மண்டி எங்களுக்குச் சோறு போட்டது. அவர் மனசு மட்டும் கொல்லைப்புறத்தில் கட்டியிருந்த ராஜபாளையத்து நாய்களிடம் இருந்தது.

அதில் ஒருத்தியை நாங்கள் மகாராணி என்போம். சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளை, சிவந்த மூக்கு. உடம்பில் மிளகளவு கூடக் கறுப்போ பழுப்போ கிடையாது. அப்பா அதைப் "பொட்டு விழாத வெள்ளை" என்று பெருமையாகச் சொல்வார். எந்தக் குட்டிக்காவது காதில் ஒரு பழுப்புத் திட்டு விழுந்துவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. பால்குடி மறந்ததும் அதைக் கூடையில் போட்டு, சரக்கு கொண்டுவந்த மலைக்காரர் யாரிடமாவது சும்மா கொடுத்து அனுப்பிவிடுவார். முழு வெள்ளைக் குட்டிகள் மட்டும் மணலூர்பேட்டையிலும் எலவனாசூர்கோட்டையிலும் இருந்த பெரிய மனிதர்கள் வீட்டுக்குப் போகும்.

அப்பா சொல்லும் நாய் வரலாறு பாளையக்காரர்கள் காலத்தில் தொடங்கும். வேட்டை வரும், கோட்டைக் காவல் வரும், எதிரியின் குதிரையைக் காலைக் கடித்து நிறுத்திய வீரம் வரும். சொல்லும்போதெல்லாம் குதிரைகள் கூடிக்கொண்டே போகும். நான் பள்ளிக்கூடம் போகும்போது நான்கு குதிரைகள் இருந்தன. நான் கல்லூரிக்குப் போவதற்குள் ஒரு படையே புறமுதுகு காட்டி ஓடிவிட்டது.

"இதெல்லாம் எந்தப் புஸ்தகத்துல இருக்குதுப்பா?" என்று ஒருநாள் கேட்டேன். நான் விலங்கியல் படித்துக்கொண்டிருந்த திமிர்.

"எல்லாத்தையும் புஸ்தகத்துலயே எழுதிட்டா அப்புறம் நாங்க இன்னாத்துக்கு இருக்கோம்?" என்றார்.

மகாராணியின் பெரிய குணம், அவள் யாரையும் சட்டை செய்ய மாட்டாள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். தீபாவளிக்குத் தெருவே அதிரும்போது மற்ற நாய்கள் கட்டிலுக்கு அடியில் ஒளிய, இவள் நடு முற்றத்தில் காலை நீட்டித் தூங்குவாள். பின்னாலிருந்து தொட்டால் மட்டும் திடுக்கிட்டு எழுந்து சீறுவாள். வந்தவர்கள் எல்லாரும் வாய் பிளப்பார்கள். "கூப்பிட்ட கொரலுக்கு வாலாட்டிக்கினு ஓடியாற இது இன்னா தெரு நாயா? ராஜ ரத்தம். மரியாத இல்லாம தொட்டா அப்படித்தான் கோவிச்சிக்கும்" என்பார் அப்பா. நாங்களும் நம்பினோம். விலங்கியல் படித்த நானும் நம்பினேன் என்பதை இப்போது சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அம்மாவுக்கு மகாராணி மேல் கொஞ்சம் பொறாமை. "எதையும் காதுல வாங்கிக்காம இருக்கிறது ஒரு வரம்டி. இந்த வூட்ல இத்தன வருசமா நானும் பழகிப் பாக்குறேன், வர மாட்டேங்குது" என்பாள்.

அப்பா நாய்களுக்கு ஜோடி பார்க்கப் பட்ட பாட்டில் பத்தில் ஒரு பங்கு கூட எனக்காகப் பட்டதில்லை. தேவையே இருக்கவில்லை. எனக்குக் காது குத்தும்போதே மாப்பிள்ளை முடிவாகிவிட்டது. என்னை மடியில் வைத்துக்கொண்டிருந்த தாய்மாமன்தான் மாப்பிள்ளை. அம்மாவின் ஒரே தம்பி. அப்போது அவருக்குப் பதினொரு வயசு. ஆசாரி ஊசியை எடுத்ததும் நான் வீறிட்டேனாம். என்னைவிட ஜாஸ்தி அழுதது அவர்தானாம். மடியில் உட்கார வைத்தவனே மணவறையிலும் உட்காரட்டும் என்று பெரியவர்கள் அன்றைக்கே சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டார்கள். சிரித்துச் சொன்னது அப்படியே கெட்டியாகிவிட்டது.

எங்கள் குடும்பத்தில் இது புதிது அல்ல. அப்பாவும் அம்மாவுமே அப்படிக் கட்டியவர்கள்தான். அம்மா அப்பாவுக்குச் சொந்த அக்கா மகள். கல்யாணத்துக்கு முன்னால் மாமா என்று கூப்பிட்டவள், பிறகும் மாமா என்றே கூப்பிட்டாள். எனக்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை என்று எனக்குத் தெரியும். அவ்வளவுதான் தெரியும். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேச மாட்டார்கள்.

நான் பட்டப்படிப்பு முடித்த வருஷம், வருகிற தையில் கல்யாணம் என்றார்கள். எனக்கு இஷ்டமில்லை. பி.எட். படித்து வாத்தியாராகப் போக வேண்டும் என்று இருந்தேன். அது ஒரு காரணம்தான். மாமா நல்லவராக இருந்ததுதான் பெரிய தொல்லை. கெட்டவராக இருந்தால் மறுப்பதற்கு வழி இருந்திருக்கும். என்னைத் தோளில் தூக்கிப் போய் மணலூர்பேட்டை ஆற்றுத் திருவிழா காட்டியவர் அவர். எனக்கு மூக்குச் சிந்தி விட்டவர். அவரைப் போய் எப்படி? எதற்கெடுத்தாலும் வாயாடுகிற எனக்கு இதைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

அந்த வருஷம் ஒருநாள், மலையிலிருந்து கடுக்காய் மூட்டையோடு ஒரு பெரியவர் மண்டிக்கு வந்தார். அவர் கையில் ஒரு கயிறு. கயிற்று முனையில் மகாராணியின் குட்டி, அப்பா முந்தின தீபாவளிக்கு அவருக்குப் பிரியமாகக் கொடுத்திருந்த முழு வெள்ளை. நான் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன்.

"மொதலாளி, இத்த எடுத்துக்கிட்டு, மொதல்ல சும்மா குடுத்தீங்களே பொட்டு விழுந்தது, அதாட்டம் ஒன்னு குடுங்க" என்றார்.

அப்பாவுக்கு முகம் சிவந்தது. "யோவ், இது இன்னா எனம்னு தெரியுமா? பெரிய பெரிய ஆளுங்க வரிசைல நிக்கிறாங்க."

"நல்ல நாய்தாங்க, சாமி மாதிரி உக்காந்திருக்குது. கெழங்குக் கொல்லைல பன்னி பூந்து பொரட்டிக்கிட்டுப் போவுது, இது பக்கத்துல படுத்துத் தூங்குது. அந்தப் பொட்டு நாய் ஊரக் கூட்டிடுது. இதுக்குக் காது கேக்காதுங்க."

"ராஜ ரத்தம்யா. பன்னிக்கெல்லாம் எழுந்திருக்குமா?"

பெரியவர் வாக்குவாதம் செய்யவில்லை. பக்கத்தில் கிடந்த காலித் தகரத்தை எடுத்து, நாயின் தலைக்குப் பின்னால் எடைக்கல்லால் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். மண்டியில் இருந்த அத்தனை பேரும் துள்ளிக் குதித்தோம். அப்பாவின் கையிலிருந்த சாப்பாட்டுத் தூக்கு கீழே விழுந்தது. நாய் மட்டும் அசையவில்லை. கீழே உருண்ட சோற்றைப் பார்த்த பிறகுதான் எழுந்து வந்தது.

அப்பா அப்போதும் ஒத்துக்கொள்ளவில்லை. குட்டியையும் மகாராணியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனார். மலைக்காரன் சொன்னது பொய் என்று ஒரு படித்த ஆள் வாயால் கேட்க வேண்டும் அவருக்கு. துணைக்கு என்னையும் கூட்டிப் போனார். அங்கே புதிதாக வந்திருந்தது ஒரு டாக்டரம்மா. என்னைவிட ஐந்தாறு வயசு மூத்தவராக இருப்பார். அவர் மகாராணிக்குப் பின்னால் போய் நின்று சாவிக்கொத்தை ஆட்டினார். கை தட்டினார். கடைசியில் விசில் அடித்தார். வெளியே கட்டியிருந்த ஓர் எருமை மாடு திரும்பிப் பார்த்தது. மகாராணி திரும்பவில்லை.

"ரெண்டுக்குமே காது கேக்கலைங்க" என்றார்.

"அது வந்துங்க, அதோட கௌரவம்..."

"கௌரவம் இல்லைங்க, செவிடு."

அப்பா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். தோலுக்கு நிறம் கொடுக்கிற உயிரணுக்கள் உள்காதிலும் வேலை செய்கின்றன. பொட்டே இல்லாத வெள்ளைதான் வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்தால் அந்த அணுக்கள் காதுக்குள்ளும் இல்லாமல் போகலாம். எல்லா வெள்ளை நாயும் செவிடு ஆகிவிடாது, ஆனால் வாய்ப்பு ஜாஸ்தி. "அந்தக் காலத்துல பன்னியப் புடிக்கிற நாயிங்களுக்குத்தான் குட்டி எடுத்திருப்பாங்க. கேக்காத நாய் எப்படிப் புடிக்கும்? நீங்க இப்ப வேலையப் பாக்காம கலரப் பாக்குறீங்க. ஆகாதுன்னு மலைக்கு அனுப்புனீங்க பாருங்க பொட்டுக் குட்டிங்க, அதுங்கதான் உங்க நாயோட நல்ல வாரிசு."

அப்புறம் ஒரு காகிதத்தை எடுத்து, ஆணுக்குக் கட்டமும் பெண்ணுக்கு வட்டமும் போட்டு, யாருக்கு யார் பிறந்தது என்று சொல்லச் சொன்னார். அப்பா மனப்பாடமாகச் சொல்லச் சொல்ல அவர் வரைந்தார். நான்கு தலைமுறையும் சுற்றிச் சுற்றி அதே இரண்டு நாய்களில் போய் முட்டின. "நெருங்கின ரத்தத்தையே மறுபடி மறுபடி சேத்தா, ரெண்டு பக்கமும் ஒளிஞ்சிக்கினு இருக்கிற கோளாறு ஒன்னா வந்து சேந்துடும். வெளிய இருந்து ஆண் நாய் பாருங்க. முடிஞ்சா பொட்டு விழுந்ததாவே பாருங்க."

வட்டமும் கட்டமும் போட்ட அந்தக் காகிதம் எனக்குப் பழக்கமானதுதான். என் பாடப் புத்தகத்தில் பட்டாணிச் செடிக்கும் இதே மாதிரிக் கோடுகள் போட்டிருந்தேன், தேர்வில் மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். அதை ஒருநாளும் எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்து பார்த்ததில்லை.

அப்பாவிடம் ஒரு நல்ல குணம் உண்டு. மாட்டேன் என்றால் மலையையே புரட்டினாலும் மாட்டார். ஒத்துக்கொண்டுவிட்டால் ஊரையே ஒத்துக்கொள்ள வைக்காமல் விட மாட்டார். மறுநாளே ஒரு தாம்பாளத்தையும் இரும்புக் கரண்டியையும் எடுத்துக்கொண்டு, தான் குட்டி கொடுத்த வீடுகளுக்கெல்லாம் கிளம்பினார். ஒவ்வொரு நாய்க்கும் பின்னால் போய் நின்று தட்டிப் பார்ப்பது, திரும்பாவிட்டால் வீட்டுக்காரரிடம், "தெரியாம குடுத்துட்டேங்க, இதுக்குக் காது கேக்காது. வேணாம்னா நானே எடுத்துக்கறேன். வெச்சிக்கிறதா இருந்தா ரோட்ல உடாதீங்க, கையக் காட்டிப் பழக்குங்க, இதுல மட்டும் குட்டி எடுக்காதீங்க" என்று சொல்வது. ஒருவரும் நாயைத் திருப்பித் தரவில்லை. ஒரு பெரிய மனிதர் மட்டும், நாலு வருஷமாக அந்த நாயிடம் மனசு விட்டுக் குடும்ப ரகசியம் எல்லாம் பேசியதாகவும், அது கேட்டிருக்காது என்பதில் தனக்கு ஆறுதல்தான் என்றும் சொன்னாராம்.

அது இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடு பிடித்துக்கொண்டிருந்த காலம். ஊருக்கு ஊர் கூட்டம், ஊர்வலம். எலவனாசூர்கோட்டையில் அப்பா தாம்பாளத்தைத் தட்டிக்கொண்டு ஒரு தெருவில் நுழைந்ததும், டீக்கடையிலிருந்து நாலு பேர் எழுந்து வந்து, "மறியல் எந்த எடத்துலங்க?" என்று கேட்டுப் பின்னாலேயே நடந்தார்களாம். நாய் விஷயம் என்று தெரிந்த பிறகும் ஒருவர் திரும்பிப் போகாமல், தாம்பாளத்தை வாங்கித் தானே தட்டினாராம்.

சின்னசேலத்தில் மாமா வீட்டில் மகாராணியின் கூடப்பிறந்த ஆண் நாய் இருந்தது. அதற்கு ஒரு காது கேட்கும், ஒன்று கேட்காது. கூப்பிட்டால் உடனே எழுந்து நிற்கும், குரல் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று மட்டும் தெரியாது. கிழக்கே நின்று கூப்பிட்டால் மேற்கே ஓடும். அதற்குப் பயந்த சுபாவம் என்று மாமா நினைத்துக்கொண்டிருந்தார்.

அப்பா புதிதாக ஒரு நோட்டுப் போட்டார். பக்கத்துக்குப் பக்கம் கட்டமும் வட்டமும். பெயர் எழுத மாட்டார், அடையாளம் மட்டும்தான். செவிடு என்றால் உள்ளே கறுப்பு அடிப்பார். பிறந்து தங்காத குட்டிக்குச் சின்னதாகப் போட்டு, குறுக்கே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் பிறந்த நாளையும் அடையாளத்தையும் எழுதுவார். அடியில் தீர்ப்பு இருக்கும். 'சேர்க்கலாம்' அல்லது 'சேர்க்கக் கூடாது'. நீதிபதி கூட அவ்வளவு அழுத்தி எழுத மாட்டார்.

வாயால் வராததை நான் அந்த நோட்டில் போட்டேன். அவர் மண்டிக்குப் போயிருந்தபோது, நடுவில் ஒரு வெறும் பக்கத்தில், அவர் போடுகிற மாதிரியே கட்டமும் வட்டமும் போட்டு எங்கள் குடும்பத்தை வரைந்தேன். பெயர் எழுதவில்லை. மாமாவின் கட்டத்துக்கும் என் வட்டத்துக்கும் நடுவே கோடு இழுத்து, அதன்மேல் ஒரு கேள்விக்குறி. அவர் கண்ணில் படும், புரிந்துகொள்வார் என்று நினைத்தேன். வாரக்கணக்கில் அவர் அந்தப் பக்கத்தைத் திருப்பவே இல்லை. தை நெருங்கிக்கொண்டிருந்தது.

மகாராணிக்கு ஆத்தூர்ப் பக்கத்தில் ஒரு மாப்பிள்ளை பார்த்திருந்தார் அப்பா. ஒட்டு உறவு இல்லாத நாய். இடது காது பழுப்பு. டாக்டரம்மா நேரில் போய்ச் சாவிக்கொத்தை ஆட்டிப் பார்த்துச் சம்மதம் சொல்லியிருந்தார். மகாராணி பருவத்துக்கு வந்ததும் ஜீப்பில் கூட்டி வருவதாகப் பேச்சு. அவள் பருவத்துக்கு வந்த வாரத்தில்தான் ரோடெல்லாம் அடைபட்டது. பெரிய பெரிய புளிய மரங்களை வெட்டி ரோட்டுக்குக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. வடக்கே பல ஊர்களில் உயிர்கள் போய்விட்டதாகச் சேதி வந்தது. தெருவில் எல்லாரும் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். அந்த நேரத்தில் நாய்க் கல்யாணத்தைப் பற்றிக் கவலைப்படுவது அப்பாவுக்கே கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் நாளை எண்ணிக்கொண்டுதான் இருந்தார்.

மூன்றாம் நாள் காலையில், வேட்டியை மடித்துக் கட்டி, முழங்கால் வரை சேறோடு மாமா வந்து நின்றார். கூடவே அவருடைய நாய். சின்னசேலத்திலிருந்து வரப்பிலேயே நடந்து வந்திருக்கிறார்.

"ஆத்தூரு நாய் வர முடியாதுன்னு கேள்விப்பட்டேன். பருவம் தப்பிடும்னு நீங்க கெடந்து தவிப்பீங்கன்னுதான் நம்ம நாயவே புடிச்சிக்கினு வந்தேன், மாமா" என்றார். வழியில் ரோட்டைக் கடக்கிற இடத்தில், சாய்ந்த மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தவர்கள் மறித்தார்களாம். நாய்க்கு ஜோடி சேர்க்கப் போகிறேன், உசந்த சாதி நாய் என்று இவர் விளக்கியிருக்கிறார். "படிப்புக்கும் வேலைக்கும் பங்கு குடுன்னு சோறு தண்ணி இல்லாம ஒக்காந்துக்கினு இருக்கோம், நீ நாயிக்குச் சாதி பாத்துக்கினு போற. போப்பா போ" என்று அனுப்பிவிட்டார்களாம். மாமாவுக்கு அது உறைத்திருந்தது. சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்பா மாமாவின் தோளில் கை வைத்தார். "மாப்ள, இவ்ளோ தூரம் நடந்து வந்திருக்க. ஆனா இது ஆவாது. ரெண்டும் கூடப் பொறந்ததுங்க."

"இந்த ஒரு தடவ மட்டும், மாமா."

"ஒரு தடவ ஒரு தடவன்னுதான் நாலு தலமொற ஆச்சி. பருவம் போனா போவட்டும், அடுத்த பருவம் இருக்குது. ஒக்காரு, காட்டறேன்." நோட்டை எடுத்து வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பக்கம் பக்கமாகத் திருப்பிப் பாடம் நடத்தினார். மாமா சேற்றுக் காலோடு நின்றபடியே கேட்டுக்கொண்டார். நான் கதவருகில் நின்றேன். அவர் விரல் என் பக்கத்துக்கு வந்தது.

"இது எவன் வூட்டு நாய்? நான் எப்பப் போட்டேன்?" என்று கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "இதப் பாரு மாப்ள. இதுதான் சரியான உதாரணம். மொதல்லயே இவன் கூடப் பொறந்தவ மகளையே சேத்திருக்கான். சரி, ஒரு தடவ தெரியாம நடந்து போச்சின்னு வெச்சிக்குவோம். அதுக்குப் பொறந்தத மறுபடியும் அதோட ஆத்தாளுக்குக் கூடப் பொறந்தவன்கிட்டயே கொண்டு போறான் பாரு. எந்த மடையன் இவன்? இவன நம்பி நாயக் குடுத்ததே தப்பு."

இப்போது விட்டால் எப்போதும் இல்லை என்று தோன்றியது.

"நான்தாம்ப்பா போட்டேன்" என்றேன்.

"எந்த ஊரு நாயிங்க?"

"நாயிங்க இல்லப்பா." கிட்டப் போய் விரலை வைத்தேன். "இது நீங்க. இது அம்மா. இது மாமா. இது நானு."

மாமாவின் நாய்தான் முதலில் சத்தம் போட்டது, கொட்டாவி விட்டது. அப்பா நோட்டை மூடவும் இல்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. பிறகு மெதுவாகக் கோபம் ஏறியது. "மனுசனும் நாயும் ஒன்னா? நாலெழுத்துப் படிச்சதும் அப்பனுக்கே நோட்டுப் போடற அளவுக்கு வந்துட்டியா?" என்றார். நான் இடத்தை விட்டு நகரவில்லை.

அதற்குள் அம்மா காப்பித் தம்ளரோடு வந்துவிட்டாள். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு நோட்டை எட்டிப் பார்த்தாள்.

"இதுல நான் எது?" என்று என்னைக் கேட்டாள்.

காட்டினேன். அப்பாவின் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்தாள். "ரெண்டு உட்டுட்டியே" என்றாள். என் வட்டத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கட்டம் போட்டாள், அதை ஒட்டி ஒரு வட்டம். இரண்டுக்கும் குறுக்கே கோடு இழுத்தாள். "தங்காத குட்டிக்கு இப்படித்தான மாமா போடுவீங்க? தெனமும் பாத்துக்கினுதான இருக்கேன். இத்தினி வருசமா இதுங்களப் பத்தி யாரும் ஒரு வார்த்த கேக்கல. நானும் சொல்லல." தம்ளரை எடுத்து மாமாவின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

நெருங்கிய சொந்தத்தில் கட்டியதால்தான் அந்த இரண்டும் தங்கவில்லை என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. டாக்டரம்மாவும் பின்னால் அப்படித்தான் சொன்னார். சொந்தத்தில் கட்டி நன்றாகப் பிள்ளை பெற்றவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். ஆனால் அன்றைக்கு அந்தக் கணக்கு யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. அம்மா அழவில்லை, நான்தான் அழுதேன். அவள் காதில் வாங்கிக்கொள்ளாமல் இருக்கப் பழகிக்கொண்டிருந்தது எதை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மாமா காப்பியை ஆற விட்டுவிட்டார். "இவளப் பாத்தா எனக்கு அந்தக் காதுகுத்துதான் மாமா ஞாபகம் வருது. ரெண்டு வருசமா சொல்லணும் சொல்லணும்னுதான் இருக்கேன். அக்கா மனசு நொந்துடும்னு வாயத் தொறக்கல" என்றார். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அத்தனை வருஷத்தில் அவரிடம் எனக்கு அவ்வளவு பிரியம் வந்ததில்லை.

ரோடு திறக்கும்வரை மாமா எங்கள் வீட்டில்தான் இருந்தார். இரண்டு நாய்களையும் தனித்தனி அறையில் பூட்டி வைத்தோம். மாமாவின் நாயை யாராவது கூப்பிட்டால் அது எதிர்ச் சுவரில் போய் முட்டிக்கொண்டது. அப்பா நாய்க்குச் சோறு வைத்தார், மண்டியைத் திறந்து ஈ ஓட்டினார், மூடினார். மகாராணியின் பருவம் வீணாகப் போனது. அடுத்த பருவத்தில் ஆத்தூர் நாய் ஜீப்பில் வந்தது. பிறந்த ஐந்தில் நான்குக்குப் பொட்டு. தாம்பாளத்தைத் தட்டியதும் ஐந்தும் அலறி அடித்துக்கொண்டு அம்மாவின் புடவைக்குள் ஓடின. மாமாவுக்கு மணலூர்பேட்டையில் ஒட்டு உறவே இல்லாத ஒரு பெண் அமைந்தாள். அவர் கல்யாணத்தில் பந்தி பரிமாறியது நான்தான். பி.எட். முடித்து முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பட்டாணிச் செடிக் கட்டங்களைச் சொல்லிக் கொடுத்தேன்.

அந்த நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. ரோடு திறந்து மாமா ஊருக்குக் கிளம்பிப் போன மறுநாள் காலையில், அதை அப்பா என் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மண்டிக்குப் போயிருந்தார். என் பக்கத்தைத் திருப்பினேன். கேள்விக்குறியை அடித்துவிட்டு, கீழே வழக்கம்போல அழுத்தி எழுதியிருந்தார்: 'சேர்க்கக் கூடாது.' அம்மா போட்ட சின்னக் கட்டத்துக்கும் வட்டத்துக்கும் பக்கத்திலும் எழுதியிருந்தார், தங்காத குட்டிகளுக்கு எழுதுகிற மாதிரியே. கட்டத்துக்கு, 'பங்குனி, வெள்ளிக்கிழமை, விடியற்காலை. தலை நிறைய முடி.' வட்டத்துக்கு, 'ஆவணி, மழை நாள். என் அம்மா ஜாடை. ஒன்பது நாள் இருந்தது.'